ஒரு எண்கூட கொடுக்காத 4×4 கென்கென்: எங்கே தொடங்குவது?

கேள்வி (குன்னூர்)
மழை லீவில் நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு கென்கென் என்ற எண் புதிர் சொல்லித் தருகிறேன். 4×4-ல் ஒவ்வொரு வரிசையிலும் நெடுவரிசையிலும் 1 முதல் 4 வரை ஒரு தடவைதான் வர வேண்டும்; தடித்த கோடு சூழ்ந்த கட்டங்கள் ஒரு கூண்டு, அதன் எண்களைக் குறிப்பில் உள்ள குறிப்படி கணக்குப் போட்டால் அங்கே கொடுத்த எண் வர வேண்டும் (7+ என்றால் கூட்டினால் 7). ஒற்றைக் கட்டத்தில் எண் கொடுத்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். இதில் அப்படி எதுவும் இல்லை. குத்துமதிப்பாகப் போடுகிறார்கள், கடைசி வரிசையில் ஒரே எண் இரண்டு தடவை வந்து நிற்கிறது. நெடுவரிசைகள் அ, ஆ, இ, ஈ. குறுக்கே மேலிருந்து 1 முதல் 4.

அ1, ஆ1: 7+
இ1, ஈ1, ஈ2: 6+
அ2, ஆ2: 3+
இ2, இ3, ஈ3: 9+
அ3, அ4: 2÷
ஆ3, ஆ4: 4+
இ4, ஈ4: 3−

பதில் (கோத்தகிரி)
மூணு கட்டக் கூண்டை முதலில் தொடவே வேண்டாங்க. ஒரே ஒரு ஜோடி மட்டும் பொருந்துகிற கூண்டுகளைப் பாருங்க. 7+ என்றால் 3, 4. 3+ என்றால் 1, 2. 3− என்றால் 1, 4. 4+ என்றால் 1, 3; பிள்ளைகள் 2, 2 போடுவார்கள், இரண்டும் ஒரே நெடுவரிசை என்பதால் செல்லாது. 2÷ மட்டும் 1, 2 அல்லது 2, 4, அது காத்திருக்கட்டும்.

இப்போ ஆ நெடுவரிசை. கீழே 1, 3 போய்விட்டது, மேலே மிச்சம் 2, 4. ஆ1 என்பது 3 அல்லது 4தானே? அப்போ 4. ஆ2 = 2, அ1 = 3, அ2 = 1. எங்கேயும் ஊகம் இல்லை.

பதில் (கொடைக்கானல்)
அடுத்தது கூட்டுத்தொகை. 4×4-ல் எந்த வரிசையும் 10 (6×6-ல் 21). மேல் வரிசையில் 7 போக இ1, ஈ1 சேர்ந்து 3. ஆகவே 6+ கூண்டில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஈ2 = 3. உடனே இ2 = 4. இ நெடுவரிசையில் 4 வந்துவிட்டதால் இ4 = 1, ஈ4 = 4.

9+ கூண்டில் 2, 3, 4 மட்டும்தான் வரும் என்று சொல்லிக்கொடுத்துவிடாதீங்க. வளைந்த கூண்டில் இரு முனையும் ஒரே வரிசையில் இல்லை, அதனால் 4, 1, 4 கூட வரலாம். இங்கே இ4-ல் 1 இருப்பதால்தான் அது அடிபடுகிறது. மீதி 8 கட்டம் பிள்ளைகள் கையாலேயே வரட்டும். 2004-ல் இதை உருவாக்கிய ஜப்பானிய ஆசிரியர் டெட்சுயா மியாமோட்டோவும் மாணவர்களைத் தாங்களாகவே போடத்தான் விட்டார்.

பதில் (கோத்தகிரி)
ஒன்று விட்டுப்போச்சு. ஜோடிகளைக் கட்டத்தின் மூலையில் பொடியாக, அழுத்தாமல் எழுதச் சொல்லுங்க. மூடுபனி நாளில் தாள் நமுத்துக் கிடக்கும், இரண்டு தடவை ரப்பர் வைத்தால் கிழிந்துவிடும். அழிப்பதைவிட ஒரு கோடு போட்டு அடிப்பது நல்லது, எதை ஏன் விலக்கினோம் என்பதும் கண்ணில் இருக்கும்.

சரிபார்க்கும்போது 10 வருகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாதுங்க. 2, 2, 3, 3 கூட 10தான்.