பட்டாசுக்கு அஞ்சும் நாய்: பதற்ற மருந்து ஹார்மோனையும் தணிக்குமா?

கேள்வி (சாட்ஸ்வொர்த், டர்பன்)
தீபாவளி இரவில் எங்கள் நாய் கட்டிலுக்கு அடியில் ஒடுங்கி, விடியும்வரை நடுங்கிக்கொண்டே கிடக்கிறது. இம்முறை அல்பிரசோலம் என்னும் பதற்றம் தணிக்கும் மருந்தைக் கொடுக்கலாம் என்று கால்நடை மருத்துவர் சொல்கிறார். அதைக் கொடுத்தபின் நாய் அடங்கிப் படுத்துவிட்டால், உடலில் சுரக்கும் பதற்ற ஹார்மோனும் குறைந்துவிட்டது என்று நம்பலாமா, அல்லது உள்ளுக்குள் தவித்தபடியே அசையாமல் கிடக்குமா?

மறுமொழி (பீட்டர்மாரிட்ஸ்பர்க், உடலியங்கியல் ஆசிரியர்)
அச்சம் மூளையை எட்டியதும் ஹைப்போதலாமஸ் என்னும் மூளைப்பகுதி சிஆர்எச் என்னும் ஹார்மோனை வெளியிடுகிறது. அது மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து ஏசிடிஎச் என்னும் இன்னொரு ஹார்மோனை வரவழைக்க, அதன் தூண்டுதலால் சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பியின் புறணி, அதாவது வெளிப்பகுதி, பதற்ற ஹார்மோனை, அதாவது நாயில் கார்டிசாலையும் எலியில் கார்டிகோஸ்டிரோனையும், சுரக்கிறது. அல்பிரசோலம், டயசெபாம் போன்ற பென்சோடயசெபின்கள் மூளையின் கிளர்ச்சியை அடக்கும் காபா என்னும் வேதிப்பொருளின் செயலை வலுப்படுத்துவதால், இந்தச் சங்கிலி மூளையிலேயே தளர்கிறது. மிதமான அளவு டயசெபாம் கொடுத்த எலிகளில், நெருக்கடியின்போது ஏறும் கார்டிகோஸ்டிரோன் குறைகிறது. ஆனால் எந்த நெருக்கடியும் இல்லாத எலிக்கு அதே மருந்தை மிகுந்த அளவில் கொடுத்தால் ஹார்மோன் ஏறவே செய்கிறது. பதற்றம் தணிக்கும் பஸ்பிரோனும், செரோட்டோனின் என்னும் மூளை வேதிப்பொருளின் ஏற்பிகள் வழியாக, எலிகளில் கார்டிகோஸ்டிரோனை உயர்த்துகிறது. ஆகவே நடத்தையில் தெரியும் அமைதியை மட்டும் கொண்டு இரத்தத்தில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிட முடியாது. என் மாணவர்களிடம் நான் மிகவும் வலியுறுத்துவது இதைத்தான்.

மறுமொழி (ஃபீனிக்ஸ், கால்நடைச் செவிலியர்)
உங்கள் கவலை நியாயமானது. பல ஆண்டுகளாக நாய்களுக்குக் கொடுக்கப்பட்டுவந்த அசிப்புரோமசின் உடலைத் தளரச் செய்யுமே தவிர, அச்சத்தை அவ்வளவாகக் குறைக்காது. வெடிச்சத்தம் கேட்டும் எழுந்து ஓட முடியாமல் கிடந்த நாய்களைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். அல்பிரசோலம் அந்த வகையைச் சேர்ந்தது அன்று. எனினும் சில நாய்கள் அதனால் நேர்மாறாகக் கிளர்ச்சியடைவதுண்டு என்பதால், பண்டிகைக்கு முன் அமைதியான ஒரு நாளில், மருத்துவர் குறித்த அளவையே கொடுத்துப் பார்த்துவிடுங்கள்.

கேட்டவர்
மிக்க நன்றி. இரத்தம் எடுத்துச் சோதித்தால் தெரிந்துவிடாதா?

மறுமொழி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)
பிடித்து ஊசி குத்துவதே ஹார்மோனை ஏற்றிவிடும். அதனால்தான் ஆய்வகத்தில் எலியைக் கையிலெடுத்த மூன்று நிமிடங்களுக்குள் இரத்தத்தை எடுத்துவிட முயல்கிறார்கள். நாயிடமிருந்து பஞ்சில் உமிழ்நீர் எடுத்துக் கார்டிசாலை அளக்கலாம். ஆயினும் நாய்க்கு நாய் அது பெரிதும் வேறுபடுவதால், ஒரே ஓர் அளவீடு உங்களுக்கு எதையும் உறுதியாகச் சொல்லாது. அன்றிரவு நாய் தானாக எழுந்து வந்து உண்கிறதா, அழைத்தால் வாலாட்டுகிறதா என்று கவனித்து, அதை மருத்துவரிடம் தெரிவியுங்கள்.