சென்ட்ஓஎஸ் 7-இல் விம் 9.1: கட்டும்போது எங்கே இடறும்?

சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் இயங்குதளத்துடன் வருவது விம் எடிட்டரின் 7.4 பதிப்பு. 2024 ஜூன் 30-உடன் அந்த இயங்குதளத்துக்கான ஆதரவே முடிந்துவிட்டதால், புதிய விம் அதன் களஞ்சியத்துக்கு இனி வராது. சோர்ஸிலிருந்து நாமே கம்பைல் செய்துகொள்ள வேண்டியதுதான். அதிலுள்ள ஜிசிசி 4.8.5 இதற்குப் போதும், கம்பைலரைத் தொட வேண்டாம்.

முதல் தடை, பொதிகளை நிறுவும் யம் கட்டளையிலேயே வரும். மிரர்லிஸ்ட் சர்வரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று நின்றுவிடும், ஏனென்றால் அந்தப் பெயரே இப்போது பயன்பாட்டில் இல்லை. களஞ்சிய முகவரிகள் இருக்கும் ரெப்போ கோப்பைத் திறந்து, மிரர்லிஸ்ட் என்று தொடங்கும் வரிகளுக்கு முன் # போடுங்கள். பேஸ்யூஆர்எல் வரிகளில் இருக்கும் #-ஐ எடுத்துவிட்டு, முகவரியில் 'மிரர்' என்றிருப்பதை 'வால்ட்' ஆக்குங்கள். அதன்பின் ஜிசிசி, மேக், என்கர்சஸ்-டெவல் மூன்றையும் நிறுவுங்கள். டெர்மினல் லைப்ரரியான என்கர்சஸ்தான் ஏற்கெனவே இருக்கிறதே என்று டெவலை விட்டுவிடுபவர்கள் அதிகம். வெறும் என்கர்சஸ் பொதியில் இருப்பது நிரல்கள் ஓடத் தேவையான லைப்ரரி. கம்பைல் செய்ய வேண்டிய ஹெடர் கோப்புகள் டெவலில்தான் இருக்கின்றன. அது இல்லாவிட்டால், கட்டுவதற்கு முன் கணினியைச் சோதிக்கும் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட், 'டிஜெட்என்ட்' என்ற ஃபங்ஷனைத் தேடித் தோற்று, டெர்மினல் லைப்ரரியை நிறுவச் சொல்லி நின்றுவிடும்.

கான்ஃபிகர் ஓட்டும்போது ஃபீச்சர்ஸ் ஹியூஜ் என்றும், நிறுவும் இடமான ப்ரிஃபிக்ஸை ஹோம் கோப்புறைக்குள் இருக்கும் .லோக்கல் என்றும் கொடுங்கள். கட்டும் மேக், நிறுவும் மேக் இன்ஸ்டால் இரண்டுக்கும் சூடோ (ரூட் அனுமதி) தேவைப்படாது. பழைய விம் அப்படியே இருக்கட்டும், அதைக் கழற்ற வேண்டாம். கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியலான பாத்தில் .லோக்கல்/பின் முதலில் வர வேண்டும். அதன் பிறகும் 7.4-ஏ திறந்தால், பேஷ் ஷெல் பழைய இடத்தை நினைவில் வைத்திருக்கிறது என்று பொருள். ஹேஷ் -ஆர் கொடுத்தால் சரியாகிவிடும்.

*

விம்முக்குள் பைத்தான் தேவைப்படுபவர்களுக்கு ஒன்று. பைத்தான்3-டெவல் இல்லையென்றால் கான்ஃபிகர் நிற்காது. சத்தமில்லாமல் அந்த வசதியை விட்டுவிட்டுக் கடைசிவரை போய்விடும். பிளக்-இன் ஏதாவது அழுதால்தான் தெரியவரும். கட்டி முடித்ததும் விம் --வெர்ஷன் பட்டியலைப் பாருங்கள்: +பைத்தான்3 என்றால் இருக்கிறது, -பைத்தான்3 என்றால் இல்லை.

இங்கேதான் பலருக்கு அரைநாள் போகிறது. டெவல் பொதியை நிறுவிவிட்டுக் கான்ஃபிகரை மறுபடி ஓட்டினாலும் அதே மைனஸ்தான் வரும். முதல்முறை கிடைத்த விடைகளை அது எஸ்ஆர்சி/ஆட்டோ கோப்புறையில் இருக்கும் கான்ஃபிக்.கேச் கோப்பில் எழுதிவைத்துக்கொண்டு, மறுபடி தேடாமல் அதையே படிக்கிறது. மேக் டிஸ்ட்கிளீன் கொடுத்துவிட்டுத்தான் மீண்டும் தொடங்க வேண்டும். கூடவே எனேபிள்-ஃபெயில்-இஃப்-மிஸ்ஸிங் என்ற விருப்பத்தையும் சேருங்கள். கேட்ட வசதி கிடைக்காவிட்டால் அங்கேயே பிழை காட்டி நிற்கும். இதை எப்போதும் போடுவதே நல்லது.

*

ரூட் அனுமதி இல்லாத சர்வர் என்றால், என்கர்சஸையும் சோர்ஸிலிருந்து அதே ப்ரிஃபிக்ஸில் கட்டிக்கொள்ளுங்கள். எனேபிள்-வைட்சி கொடுங்கள், லைப்ரரி 'என்கர்சஸ்டபிள்யூ' என்ற பெயரில் அமையும். ஷேர்டு விருப்பத்தைக் கொடுக்காமல் விட்டால் அது ஸ்டாட்டிக் லைப்ரரியாகத்தான் அமையும். இங்கே நமக்கு வேண்டியதும் அதுதான்: விம்முக்குள்ளேயே சேர்ந்துவிடுவதால், லைப்ரரி தேடும் இடத்தைச் சொல்லும் எல்டி லைப்ரரி பாத் மாறியை ஒவ்வொரு முறையும் நினைவில் வைத்திருக்க வேண்டாம்.

பிறகு விம் கான்ஃபிகருக்கு எல்டிஃபிளாக்ஸில் லிப் கோப்புறையையும், சிபிபிஃபிளாக்ஸில் இன்க்ளூட் கோப்புறையையும் காட்டி, டெர்மினல் லைப்ரரிக்கான டிலிப் பெயரை 'என்கர்சஸ்டபிள்யூ' என்று கொடுங்கள். கடைசி எழுத்தான டபிள்யூ விடுபட்டால் அந்த லைப்ரரியை இணைக்க முடியாமல் கான்ஃபிகர் நின்றுவிடும்.

*

ஒரு கணினியில் கட்டியதை இன்னொன்றுக்குக் கொண்டுபோவது பற்றி. பின் கோப்புறையில் இருக்கும் விம் கோப்பை மட்டும் நகலெடுத்தால், திறந்தவுடன் டிஃபால்ட்ஸ்.விம் கிடைக்கவில்லை என்று இ1187 பிழை வரும். ஷேர்/விம்/விம்91 கோப்புறையும் கூடவே போக வேண்டும். அதன் பாதை கட்டும்போதே உள்ளே பதிந்துவிடுவதால் இரண்டு கணினியிலும் பாதை ஒன்றாக இருப்பது நல்லது. வேறாக இருந்தால் விம்ரன்டைம் மாறியில் சரியான இடத்தைக் கொடுங்கள்.

எங்கே கட்டுகிறோம் என்பதும் முக்கியம். சென்ட்ஓஎஸ் 7-இன் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சியின் பதிப்பு 2.17. அதில் கட்டியது பெரும்பாலும் புதிய லினக்ஸிலும் ஓடும். புதியதில் கட்டியதை இங்கே கொண்டுவந்தால், ஜிலிப்சி 2.28 இல்லை என்பதுபோல ஒரு வரியைக் காட்டி நின்றுவிடும். விம்மின் கிளையான நியோவிம்மின் வழக்கமான பைனரியை இறக்கி ஓட்டுபவர்கள் பார்ப்பதும் இதையேதான். நியோவிம் குழுவினர் பழைய ஜிலிப்சிக்கென்று தனியாகவும் வெளியிடுகிறார்கள், அதை எடுங்கள். சோர்ஸிலிருந்து கட்டுவதானால் இங்குள்ள கட்டும் கருவியான சிமேக் 2.8 உதவாது, ஈபெல் என்ற கூடுதல் களஞ்சியத்தின் சிமேக்3 வேண்டும்.

தயவுசெய்து எடிட்டருக்காக ஜிலிப்சியை மட்டும் மாற்றாதீர்கள். எல்எஸ், சிபி, பேஷ் என எல்லாமே அதன்மேல்தான் ஓடுகின்றன. பாதியில் தவறினால், பழையதைத் திரும்ப நகலெடுக்க சிபி கூட ஓடாது. அப்புறம் ரெஸ்க்யூ வட்டுதான்.

*

தமிழ்க் கோப்பைத் திறந்ததும் எழுத்துக்கு எழுத்து சிதறினால் உடனே மறுபடி கட்ட உட்காராதீர்கள். 'அ' என்ற ஓர் எழுத்து யுடிஎஃப்-8இல் மூன்று பைட், அதன் கடைசி பைட் 85. மொழி அமைப்பைச் (லொக்கேல்) சொல்லும் லாங் மாறி 'சி' என்றிருந்தால் விம் அதை லத்தீன்-1 என்று எடுத்துக்கொள்ளும், திரையில் <85> என்று நிற்கும். அதைக் கண்டால் பிழை லொக்கேலில். யுடிஎஃப்-8 லொக்கேலை எக்ஸ்போர்ட் செய்துவிட்டுத் திறங்கள். கொம்பும் காலும் மட்டும் விலகி நின்றால் அது டெர்மினல் பிரச்சினை, விம்மில் எதை மாற்றினாலும் தீராது.

சூடோ விம் என்றால் பழைய 7.4-தான் திறக்கும், சூடோவுக்கென்று தனிப் பாத் உண்டு. எடிட்டர் மாறியில் புதிய விம்மின் முழுப் பாதையைக் கொடுத்துவிட்டு சூடோஎடிட் பயன்படுத்துங்கள். கிரான்டேப் -இ கட்டளைக்கும் அதே மாறி போதும்.