ஜோகன்னஸ்பர்க்கில் தங்கச் சுரங்கத்துக்குள் இறங்கினோம்

ஜோகன்னஸ்பர்க் போகிறவர்கள் கோல்ட் ரீஃப் சிட்டி பொழுதுபோக்குப் பூங்காவை ராட்டினம் சுற்றும் இடம்தானே என்று ஒதுக்கிவிடாதீர்கள். 1886-ல் தங்கம் கிடைத்ததால் முளைத்த ஊர் ஜோகன்னஸ்பர்க். நூற்றாண்டு விழாவை ஒட்டி, மூடிக்கிடந்த கிரவுன் மைன்ஸ் 14-ஆம் எண் சுரங்கத்தைச் சுற்றி அந்தக் காலத்து நகரத்தை மறுபடி எழுப்பினார்கள், அதுதான் கோல்ட் ரீஃப் சிட்டி. தகரக் கூரை, மர வராந்தா, மதுக்கடை என்று தெருவெல்லாம் பார்க்க அழகுதான். ஆனால் கட்டாயம் பார்க்க வேண்டியது மண்ணுக்கு அடியில் இருக்கிறது.

தலைக்கவசமும் விளக்கும் மாட்டிக்கொண்டு கூண்டு லிஃப்டில் இறங்கினோம். தங்கம் இருக்கும் பாறையை வழிகாட்டி விளக்கடித்துக் காட்டினார். சாம்பல் நிறப் பாறை, அதில் வெள்ளைக் கூழாங்கற்கள் பதிந்திருந்தன. மினுமினுப்பு என்று எதுவுமே இல்லை! ஒரு டன் பாறையை உடைத்து அரைத்தால் சில கிராம் தங்கம் தேறும், அவ்வளவுதான். அந்தப் படிவமும் மெல்லியது, சரிவாகப் போகிறது. அதனால் நிமிரக்கூட இடமில்லாமல், குனிந்தும் படுத்தும் துளை போட்டிருக்கிறார்கள். துளைக்கும் கருவியைச் சில நொடிகள் ஓடவிட்டார். பல்லெல்லாம் அதிர்ந்தது. நாள் முழுக்க அந்தச் சத்தத்தில், அந்தத் தூசியில் வேலை செய்தவர்களை நினைத்துத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அந்தத் தூசிதான் பிறகு பல்லாயிரம் பேருக்கு சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோயாக வந்து சேர்ந்தது. தங்கச் சுரங்க நிறுவனங்கள் இழப்பீடு தரும் உடன்பாட்டுக்கு நீதிமன்ற ஒப்புதல் கிடைத்ததே 2019-ல்தான்.

மேலே வந்ததும் கம்பூட் நடனம் பார்த்தோம். ரப்பர் பூட்ஸைத் தட்டித் தட்டி ஆடுவது, சுரங்கத் தொழிலாளிகளிடம் பிறந்த ஆட்டம். என்ன வேகம், என்ன கம்பீரம்! அப்புறம் அதே தெருக்களில் நடந்தபோது மனசு ஒப்பவில்லை. மொசாம்பிக்கிலிருந்தும் லெசோத்தோவிலிருந்தும் ஒப்பந்தத்தில் வந்து, குடும்பத்தைப் பிரிந்து, 'காம்பவுண்டு' என்ற கொட்டடிகளில் அடைந்து கிடந்தவர்கள்தான் அந்தத் தங்கத்தைத் தோண்டினார்கள். அழகுபடுத்திய அந்தத் தெருக்களில் அவர்கள் வாழ்ந்த வாழ்க்கை என் கண்ணில் படவில்லை. நூற்றாண்டு கொண்டாடிய 1986-ல் நாடு முழுக்க நிறவெறி அரசின் அவசரநிலை வேறு.

பக்கத்திலேயே 2001-ல் திறந்த நிறவெறி அருங்காட்சியகம் இருக்கிறது. காலையில் முதல் வேலையாகச் சுரங்கத்துக்குள் இறங்கிவிட்டு மதியம் அங்கே போங்கள். அருங்காட்சியகத்துக்கு மூன்று மணி நேரமாவது வேண்டும்.