எஸ்விசிஹோஸ்டை விடுவதா, அடைப்பதா? உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

வேப்பமரம்

போன மாதம் நடந்தது, இன்னும் மனசு ஆறவில்லை. கும்பகோணத்தில் அப்பாவின் கணினியில் ஒரு ஃபயர்வால் போட்டேன், நெட்டிலிருந்து வருவதையும் போவதையும் காக்கும் நிரல். எந்த நிரலை விடலாம் என்று எதற்கெடுத்தாலும் பெட்டி காட்டிக் கேட்கும் ரகம். ஒரு மணி நேரத்துக்குள் இருபது முப்பது பெட்டிகள் வந்திருக்கும். பெயர் தெரிந்ததற்கு அனுமதி, தெரியாததற்குத் தடை. விண்டோஸின் பின்னணிச் சேவைகளைத் தனக்குள் வைத்து ஓட்டும் எஸ்விசிஹோஸ்ட் வந்தபோது மட்டும் கொஞ்சம் யோசித்தேன். அதை முழுக்கத் திறந்துவிடக் கூடாது என்று எங்கோ படித்த ஞாபகம். போர்ட் என்பது இணைப்புக்கான எண் போட்ட வாசல்; தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றும் 53-ஆம் போர்ட்டை மட்டும் விட்டு மீதியை அடைத்தேன். பக்கங்கள் எல்லாம் திறந்தன. சரி, வேலை முடிந்தது என்று அன்று இரவே சென்னைக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

மறுநாள் நெட் போய்விட்டது. அப்பா என்னிடம் சொல்லவில்லை. பில் கட்டியது பதிவாகவில்லையோ என்று நினைத்து, ரசீதை எடுத்துக்கொண்டு வெயிலில் அலுவலகத்துக்குப் போய் நின்றிருக்கிறார். லைனில் கோளாறு எதுவும் இல்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மூன்றாம் நாள்தான் எனக்கு போன் வந்தது. கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையைத் திறந்து, கணினியின் முகவரியைக் காட்டும் ஐபிகான்ஃபிக் என்று ஒவ்வோர் எழுத்தாக அடிக்க வைத்தேன். வந்த எண்ணை நிதானமாக வாசித்தார்: "நூற்று அறுபத்தொன்பது, புள்ளி, இருநூற்று ஐம்பத்து நாலு..."

கேட்டதும் வயிற்றைப் பிசைந்தது. 169.254 என்று தொடங்கினால், கணினி மோடத்திடம் முகவரி கேட்டு, பதில் வராமல், தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். முகவரி கேட்கும் டிஹெச்சிபி வேலையும் அதே எஸ்விசிஹோஸ்டுக்குள்தான் ஓடுகிறது. அதற்கு வேண்டிய 67, 68 போர்ட்டுகளை அடைத்தது நான். ஏற்கெனவே வாங்கியிருந்த முகவரிக்கு அந்த மோடத்தில் 24 மணி நேரத் தவணை. அது பாக்கி இருந்ததால்தான் நான் கிளம்பும்வரை எல்லாம் ஒழுங்காக ஓடியது.

பழையமோடம்

உங்கள் அப்பாவை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் இதைப் படித்துவிட்டு நாலு பேர் ஃபயர்வாலையே அணைத்துவிடுவார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

2003 ஆகஸ்ட். விண்டோஸ் எக்ஸ்பி, தொலைபேசி வழி டயல்அப் இணைப்பு. இணைந்து ஐந்து நிமிடம் ஆகியிருக்காது, திரை நடுவில் ஒரு பெட்டி: ஆர்பிசி என்ற விண்டோஸ் சேவை எதிர்பாராமல் நின்றுவிட்டது, 60 நொடியில் கணினி அணையும். 59, 58, 57. தங்கைக்கு மறுநாள் கல்லூரியில் கொடுக்க வேண்டிய கட்டுரை திறந்திருக்கிறது, சேமிக்கவில்லை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு "அண்ணா, நிறுத்துண்ணா" என்கிறாள், எனக்கு எதை அழுத்துவது என்று தெரியவில்லை. 'ஷட்டவுன் -ஏ' என்று அடித்தால் அந்த எண்ணிக்கை நின்றுவிடும் என்று பக்கத்துத் தெரு பிரவுசிங் சென்டரில் சொல்லித்தான் பிறகு தெரிந்தது.

அது பிளாஸ்டர் புழு, தானே பரவும் தீய நிரல். யாரும் எந்த மின்னஞ்சலையும் திறக்க வேண்டியதில்லை, 135-ஆம் போர்ட் வழியாக அதுவே வந்து நுழையும். அது நுழையும் ஓட்டையை அடைக்கும் ஒட்டு ஜூலையிலேயே வந்துவிட்டது, நாங்கள் போடவில்லை. எக்ஸ்பியில் ஒரு ஃபயர்வால் இருந்தது, ஆனால் அணைந்த நிலையில்தான் வரும். 2004 ஆகஸ்டில் சர்வீஸ் பேக் 2 என்ற பெரிய புதுப்பிப்பு வந்த பிறகுதான் தானாக இயங்கத் தொடங்கியது. வெளியே போவதை ஒவ்வொன்றாகக் கேட்பது தேவையா என்று வாதாடலாம். உள்ளே வருவதை அடைப்பதில் வாதமே கிடையாது.

ஷார்ஜா இரவு

எனக்கு நடந்தது விண்டோஸில் உள்நுழைவைச் சரிபார்க்கும் எல்சாஸ் நிரல் விஷயத்தில். அறை நண்பர் பென்டிரைவில் ஏதோ கொண்டுவந்தார். கொஞ்ச நேரத்தில் ஃபயர்வால் கேட்டது: எல்சாஸ் வெளியே போகலாமா? விண்டோஸின் பாதுகாப்புப் பகுதிதானே என்று அனுமதி கொடுத்தேன். கொடுத்த விரலை எடுக்கும் முன்பே உறைத்தது. வீட்டுக் கணினியில் எல்சாஸ் எதற்கு இணையத்துக்குப் போகிறது? இத்தனை வருடம் ஒருமுறை கூடக் கேட்டதில்லையே.

ஓடும் நிரல்களைக் காட்டும் டாஸ்க் மேனேஜரில் இரண்டு எல்சாஸ். இரண்டாவதை வலது கிளிக் செய்து கோப்பு இருக்கும் இடத்தைத் திறந்தால், உண்மையான எல்சாஸ் இருக்கும் சிஸ்டம்32 இல்லை, தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப் ஃபோல்டர். பெயரை நகலெடுத்து நோட்பேடில் எழுத்துருவை மாற்றிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் முதல் எழுத்து சின்ன எல் அல்ல, பார்க்க அதைப் போலவே இருக்கும் பெரிய ஐ. கேபிளைப் பிடுங்கிவிட்டு அன்று இரவு முழுக்க உட்கார்ந்து விண்டோஸை மறுபடி போட்டேன். வங்கிக் கடவுச்சொற்களை அலுவலகக் கணினியிலிருந்து மாற்றினேன். அந்தச் சில நிமிடங்களில் என்ன போனது என்று தெரியவே இல்லை.

மாடிவீடு

வைஃபை பிரிண்டர் அச்சடிக்கவில்லை என்று அச்சு வேலைகளை வரிசையில் வைக்கும் ஸ்பூலருக்கு எல்லாக் கதவையும் திறந்துவிட்டேன். கடைசியில் பார்த்தால் வீட்டு வைஃபையை, பொது இடங்களுக்கான 'பப்ளிக்' என்று குறித்து வைத்திருந்தேன். 'பிரைவேட்' ஆக்கியதும் அச்சடித்தது. அவ்வளவுதான் என் கதை.

ஆனால் மேலே உள்ளதைப் படித்ததும் சிலவற்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பழையமோடம் சொல்லும் காலத்தில் கணினி நேராக இணையத்தில் நின்றது. இப்போது பெரும்பாலான வீடுகளில் ரூட்டர் முன்னால் நிற்கிறது, வெளியிலிருந்து 135-க்கு வருவது அங்கேயே நின்றுவிடும். அதற்காக அலட்சியம் கூடாது. 2017 மே 12-இல் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை கிளம்பியபோது, ஒரு கணினிக்குள் வந்ததும் அதே வலையில் இருந்த மற்றவற்றுக்கு, கோப்புப் பகிர்வுக்கான 445-ஆம் போர்ட் வழியாகத் தாவியது. 'சிஸ்டம்' என்ற பெயரில் 445 கேட்டால் வீட்டு வலைக்குள் மட்டும் விடுங்கள், அதுவும் கோப்புப் பகிர்வு இருந்தால் மட்டும்.

விண்டோஸின் சொந்த ஃபயர்வால், விதி எதுவும் இல்லாவிட்டால் உள்ளே வருவதைத் தடுக்கும், வெளியே போவதை விடும். பெரும்பாலானோருக்கு அது போதும். வெளியே போவதையும் பிடிக்கத்தான் வேண்டும் என்றால், பெட்டி வந்தவுடன் பதில் சொல்லாதீர்கள். கறுப்புத் திரையில் நெட்ஸ்டாட் -ஏஎன்ஓ கொடுத்தால் எந்தப் பிஐடி (ஓடும் நிரலின் எண்) எந்த முகவரியோடு பேசுகிறது என்று வரும். டாஸ்க்லிஸ்ட் /எஸ்விசி கொடுத்தால் அந்தப் பிஐடிக்குள் எந்தச் சேவை ஓடுகிறது என்று தெரியும். எஸ்விசிஹோஸ்ட் ஓர் உறைதான், உள்ளே இருக்கும் சேவையைப் பார்த்து முடிவெடுங்கள். முன்பு ஓர் உறைக்குள் பத்துச் சேவைகள் இருக்கும். 2017-இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, 3.5 ஜிபிக்கு மேல் ராம் இருந்தால் பெரும்பாலான சேவைகளுக்குத் தனித்தனி உறை, அதனால் இப்போது கண்டுபிடிப்பது எளிது. டிஹெச்சிபிக்கு 67, 68. பெயரை முகவரியாக்கும் டிஎன்எஸ்ஸுக்கு 53. கடிகாரத்துக்கு 123. புதுப்பிப்புக்கு 80, 443. வீட்டுக்குள் இருக்கும் சாதனங்களைத் தேட 1900, 5353, 5355. இந்தக் கடைசி மூன்றும் வீட்டைத் தாண்டத் தேவையில்லை. அப்புறம், விதி எழுதும்போது பெயரை மட்டும் பார்க்காமல், கோப்பு எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்ற முழுப் பாதையையும் பாருங்கள். ஷார்ஜா நண்பருக்கு நடந்தது அதனால்தான்.

ஷார்ஜா இரவு

மாடிவீடு, எங்கள் பெட்டியில் பாதையே தெரியவில்லை, பெயர் மட்டும்தான் வந்தது. பார்க்காமல் விட்டேன் என்று எழுத வேண்டாம்.

உப்பளம்

நானும் எஸ்விசிஹோஸ்டை அடைத்தவள்தான், மாதக் கடைசியில் டேட்டா தீர்ந்துபோகிறது என்று. முகவரி கேட்பதையும் 53-ஐயும் அந்த ஃபயர்வால் தானாகவே விட்டுவிட்டதால் எதுவும் நிற்கவில்லை, அதுதான் ஆபத்து. பையனின் கணினியில் ஒரு நாள் தற்செயலாக, விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிஃபென்டரைத் திறந்தேன். கடைசியாகப் புதுப்பித்த தேதி பதினொரு மாதத்துக்கு முந்தையது. பதினொரு மாதமும் அவன் விளையாட்டுகளை இறக்கிக்கொண்டு இருந்திருக்கிறான், காவலுக்கு யாரும் இல்லை. புதுப்பிப்பும் அந்த உறைக்குள்தான் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. இப்போது அதை முழுக்கத் திறந்து வைத்திருக்கிறேன். யார் என்ன சொன்னாலும் மறுபடி அடைக்க மாட்டேன். டேட்டாவுக்கு வேறு வழி இருக்கிறது, அமைப்புகளில் இணைப்பை 'மீட்டர்டு' என்று குறித்தால் பெரிய பதிவிறக்கங்களைத் தள்ளிப்போடும்.

வேப்பமரம்

மாடிவீடு, போர்ட் பட்டியலுக்கு நன்றி, ஆனால் நான் அதைக் கேட்கவில்லை. அந்த எண்கள் எனக்கு இப்போது மனப்பாடம். கேள்வி கேட்கும் அந்த ஃபயர்வாலை எடுத்துவிட்டு, விண்டோஸோடு வருவதை மட்டும் இயக்கி வைத்துவிட்டேன். அப்பாவால் அந்தப் பெட்டிகளுக்குப் பதில் சொல்ல முடியாது, நான் பக்கத்தில் இல்லை.

போன வாரம் ஊருக்குப் போனபோது, திரையின் ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது. அவர் கையெழுத்தில்: "169 வந்தால் நம் வீட்டுக் கோளாறு. ஆபீசுக்குப் போக வேண்டாம்."