உதவி: கண்ணாடி போடுகிறவனுக்கு ரேஞ்ச்ஃபைண்டரில் முதல் வைட் லென்ஸ் எது?

குளச்சல்காரன் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். பழைய லைக்கா எம்-பி 240 ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா ஒன்று (லென்ஸ் வழியாக இல்லாமல் வியூஃபைண்டர் என்ற தனி ஜன்னல் வழியாகப் பார்த்து எடுப்பது) கைக்கு வந்திருக்கிறது, கூடவே ஒரு 50 மி.மீ. லென்ஸ். 50 எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. ஆனால் கடற்கரையில் போதவில்லை. கரைமடி (கரையிலிருந்து இழுக்கும் வலை) இழுக்கிறவர்கள் பக்கத்தில் நின்று எடுத்தால் ஒரு ஆளும் கொஞ்சம் கயிறும்தான் படத்தில் விழுகிறது. மீன் ஏலத்தில் இன்னும் மோசம். பின்னால் ஒரு அடி வைக்கவும் இடம் இருக்காது, காலடியில் கூடை.

வைட் லென்ஸ் ஒன்றுதான் இப்போது வாங்க முடியும். 21, 28, 35 (எண் குறையக் குறைய அகலம் கூடும்) மூன்றில் எது என்று முடிவு செய்ய முடியாமல் நிற்கிறேன். லைக்காவின் புது லென்ஸ் எனக்கு எட்டாது. ஃபோக்ட்லாண்டர், சைஸ், இல்லையென்றால் யாராவது பயன்படுத்தியதாக இருந்தால் சரி.

நான் கண்ணாடி போடுகிறவன். பவர் மைனஸ் 2.25, கொஞ்சம் சிலிண்டர் பவரும் (ஆஸ்டிக்மாடிசத்துக்கு) உண்டு. பெரும்பாலும் எடுப்பது கடற்கரை ஆட்கள். அப்பப்போ பத்மநாபபுரம் அரண்மனை, மாத்தூர் தொட்டிப்பாலம்.

மார்த்தாண்டம் ஸ்டூடியோ:

தம்பி, 21-ஐ முதலில் விட்டுவிடுங்கள். உங்கள் கேமராவின் வியூஃபைண்டரில் 28-ஐவிட வைடான லென்ஸுக்குப் படத்தின் எல்லையைக் காட்டும் கோடே கிடையாது. 21 மாட்டினால் மேலே தனியாக ஒரு ஃபைண்டர் செருக வேண்டும், ஒரு ஜன்னலில் ஃபோகஸ், இன்னொன்றில் படம். இல்லையென்றால் லைவ் வியூ. வெயிலில் கடற்கரையில் நின்று பின் திரையைப் பார்த்து ஒன்றும் தெரியாது. அசையாமல் நிற்கும் கட்டடத்துக்கு அது சரி. ஏலத்துக்குச் சரிவராது.

மீதி இரண்டுக்கும் ஒரு கணக்கு சொல்கிறேன். கேமராவைப் படுக்கையாகப் பிடித்து 2 மீட்டர் தள்ளி நிற்கும் ஆளை எடுத்தால், 50-இல் அகலம் 1.4 மீட்டர்தான் வரும். 35-இல் 2 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். 28-இல் 2.6 மீட்டர் வரை. உயரம் 35-இல் 1.4 மீட்டர், 28-இல் 1.7. அதாவது எதிரே நிற்கிறவரின் தலையும் காலும் 28-இல் அடங்கும், 35-இல் முழங்காலோடு நின்றுவிடும். எவ்வளவு வேண்டும் என்று நீங்களே பாருங்கள்.

தக்கலைக்காரர்:

என் ஓட்டு 28. அரண்மனை உள்ளே போனவர்களுக்குத் தெரியும், தாழ்ந்த மச்சு, குறுகின அறை, ஜன்னல் வழியாக வரும் கொஞ்ச வெளிச்சம். அங்கே 35 இடிக்கும். அதோடு 50 ஏற்கெனவே கையில் இருக்கிறது, 35 அதற்கு ரொம்பப் பக்கம். மாற்றி மாட்டினாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. (திங்கட்கிழமை போய்விடாதீர்கள், அரண்மனைக்கு விடுமுறை.)

குளச்சல்காரன்:

நன்றி அண்ணே. செல்போனில் எடுத்த கடற்கரைப் படங்களைப் புரட்டிப் பார்த்தேன். போன் கேமரா கிட்டத்தட்ட 26 மி.மீ. என்கிறார்கள். நல்லதாகப் பட்ட படங்களில் பாதிக்கு மேல் ஓரத்தை வெட்டித்தான் வைத்திருக்கிறேன். அப்படியானால் 35 போதுமா? ஆனால் 35 எல்லாம் வைட் லென்ஸா என்று ஒரு சந்தேகம் மனசில் இருக்கத்தான் செய்கிறது.

வடசேரி மாமா:

மக்கா, போன் படத்தை வெட்டிப் பார்த்தது நல்ல வேலை. ஆனால் ரேஞ்ச்ஃபைண்டருக்கு அது பாதி விடைதான். மீதி உன் கண்ணில் இருக்கிறது.

எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸ் காட்டுவதை நீ பார்க்கிறாய். இதில் அப்படி இல்லை. ஜன்னல் எப்போதும் ஒன்றுதான், லென்ஸுக்குத் தகுந்தபடி கோடு மட்டும் மாறும். கோட்டுக்கு வெளியே என்ன நடக்கிறது என்பதும் தெரியும். கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் இடது பக்கமிருந்து வருகிறார், இன்னும் கோட்டைத் தொடவில்லை, காத்திரு, தொட்டதும் அமுக்கு. இந்தக் கேமராவை வைத்துக்கொண்டு மனுஷர்களை எடுப்பதன் சுகமே அதுதான். கோடு ஜன்னலின் ஓரத்தோடு ஒட்டிக்கொண்டால் அந்தச் சுகம் போய்விடும். 240-இன் ஜன்னல் எல்லாவற்றையும் 0.68 மடங்காகச் சிறுத்துக் காட்டும். அதில் 28-இன் கோடு ஓரத்தில்தான் கிடக்கும். கண்ணாடி போட்ட கண் ஜன்னலிலிருந்து தள்ளி நிற்கிறது, ஆகவே ஓரம் உனக்கு முதலில் மறையும்.

வாங்காமலே இதைச் சோதிக்கலாம். உன்னுடையது எம்-பி, அதில் லென்ஸ் பக்கத்தில் ஒரு சின்ன லீவர் இருக்கும். (சாதாரண எம் 240-இல் அதை எடுத்துவிட்டார்கள்.) 50 மாட்டியபடியே லீவரை ஒரு பக்கம் தள்ளினால் 35-உம் 135-உம், மறுபக்கம் தள்ளினால் 28-உம் 90-உம் கோடாக வரும். வெளிக்கோட்டைப் பார். கண்ணாடியைக் கழற்றாமல், கண்ணை உருட்டாமல் நாலு மூலையும் ஒரே பார்வையில் தெரிகிறதா? வீட்டுச் சுவரைப் பார்த்துச் செய்யாதே. ஏலம் நடக்கும் இடத்தில் நின்று செய்.

இன்னொன்று. 240-இல் கோடுகள் 2 மீட்டர் தூரத்துக்கு ஒத்துப்போகும்படி போடப்பட்டவை. அதைவிடத் தள்ளி இருப்பதை எடுத்தால் கோட்டுக்குள் தெரிந்ததைவிடக் கொஞ்சம் கூடவே படத்தில் வரும். கோட்டை மில்லிமீட்டர் கணக்கில் நம்ப வேண்டாம்.

35 வைட்தானா என்று கேட்டாய். படுக்கைவாட்டில் 54 டிகிரி, 50-க்கு 40. வைட்தான்.

தக்கலைக்காரர்:

மாமா சொல்வது நியாயம். ஆனால் கண் பார்வைக்குத் தகுந்த திருத்த லென்ஸ் ஒன்றை ஐபீஸில் (கண் வைக்கும் இடத்தில்) திருகிக்கொண்டால் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்க்கலாமே? 28 முழுசாகத் தெரியும்.

வடசேரி மாமா:

தெரியும். ஆனால் தம்பிக்குச் சிலிண்டர் பவரும் இருக்கிறது, லைக்காவின் திருத்த லென்ஸ்கள் அதைச் சரிசெய்யாது. தவிர கடற்கரையில் ஒவ்வொரு படத்துக்கும் கண்ணாடியைக் கழற்றி மாட்டினால் மடி கரைக்கு வந்துவிடும். இருந்தாலும் செய்து பார்க்க ஆசையென்றால், கேமராவை எடுத்துக்கொண்டு நாகர்கோவிலில் ஏதாவது கண்ணாடிக் கடைக்குப் போ. சோதனை லென்ஸை ஐபீஸ் முன்னால் பிடித்துக் காட்டச் சொல். எந்தப் பவரில் தெளிவாகிறதோ அதை வாங்கலாம். உன் கண்ணாடிப் பவரை அப்படியே வாங்காதே, வியூஃபைண்டரிலேயே கொஞ்சம் பவர் இருக்கிறது.

குளச்சல்காரன்:

இன்று காலையில் ஏலத்தில் நின்று லீவரைத் தள்ளிப் பார்த்தேன். 35-இன் நாலு மூலையும் கண்ணாடியோடு தெரிகிறது, சுற்றிலும் கொஞ்சம் இடமும் மிச்சம். 28-இல் இடது ஓரத்தைப் பார்த்தால் வலது போய்விடுகிறது. கண்ணாடி ஐபீஸில் இடித்து ஒரு கீறல் வேறு விழப் பார்த்தது. 35 என்று முடிவு செய்துவிட்டேன். எந்த 35?

மார்த்தாண்டம் ஸ்டூடியோ:

உங்கள் வேலைக்கு எஃப்/1.4 அளவுக்குத் துளை அகலமாகத் திறக்கும் லென்ஸ் தேவையில்லை. ஃபோக்ட்லாண்டர் நோக்டன் 35 எஃப்/1.4 கையடக்கமானது, ஆனால் நேர்கோடு கொஞ்சம் வெளியே வளையும், அப்பர்ச்சரை (அந்தத் துளையை) மூட மூட ஃபோகஸும் சற்று நகரும். அரண்மனை உத்தரத்தை எடுத்தால் அந்த வளைவு கண்ணில் குத்தும்.

என் தேர்வு இரண்டு. ஃபோக்ட்லாண்டர் கலர்-ஸ்கோபார் 35 எஃப்/2.5, இத்தனூண்டு, விலையும் தாங்கும். சைஸ் சி பயோகன் 35 எஃப்/2.8, கோடு கோடாகவே நிற்கும், எதிர்வெயிலிலும் வெளுக்காது. இரண்டையும் நான் மாட்டிப் பார்த்திருக்கிறேன், காசு இடம் கொடுத்தால் சைஸ்.

இரண்டிலும் லைக்காவின் ஆறு புள்ளிக் குறி இருக்காது, ஆகவே என்ன லென்ஸ் என்று கேமராவுக்குத் தெரியாது. மெனுவில் லென்ஸ் டிடெக்‌ஷனை மேனுவல் ஆக்கி ஒரு 35-ஐத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். வைட் லென்ஸின் பின் கண்ணாடி சென்சாருக்குப் பக்கத்தில் இருப்பதால் ஓரத்துக்கு வெளிச்சம் சரிந்துதான் போகும், மூலை இருளும், சில லென்ஸில் நிறமும் ஏறும். அந்தத் தேர்வு அதைக் கொஞ்சம் சரிக்கட்டும். ஃபிலிமில் இந்தத் தொல்லை இவ்வளவு கிடையாது. இணையத்தில் ஃபிலிம்காரர்கள் புகழ்கிற பழைய வைட் லென்ஸையெல்லாம் அப்படியே நம்பி வாங்க வேண்டாம்.

வடசேரி மாமா:

பழையது வாங்கினால் அப்பர்ச்சரை முழுசாகத் திறந்து, பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பார். சிலந்தி வலை மாதிரி ஓடினால் ஃபங்கஸ், வேண்டாம். நம்ம ஊரில் இரண்டு மழைக்காலம், நடுவில் உப்புக் காற்று. அது இங்கே வந்து இன்னும் வளரும். நல்ல லென்ஸையும் மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வை, தோல் பையில் போட்டு மறந்துவிடாதே. கடற்கரைக்கு மட்டும் முன்னால் ஒரு யூ.வி. ஃபில்டர்.

அப்புறம் ரேஞ்ச்ஃபைண்டர் சரியாக இணைகிறதா என்று பார்க்க வேண்டும். லென்ஸை முடிவிலியில் வைத்து, தூரத்தில் செங்குத்தாக நிற்கும் ஒன்றைப் பார். முட்டம் கலங்கரை விளக்கம், இல்லையென்றால் ஒரு தனிப் பனை. வியூஃபைண்டரின் நடுவில் தெரியும் இரண்டு பிம்பமும் ஒன்றாக வேண்டும்.

குளச்சல்காரன்:

கடல் அடிவானத்தை வைத்துப் பார்க்கக் கூடாதா மாமா? இங்கே அதுதானே எப்போதும் இருக்கிறது.

வடசேரி மாமா:

நடு ஜன்னலில் பிம்பம் பக்கவாட்டில்தான் நகரும். அடிவானம் படுத்திருக்கும் கோடு, அது நகர்ந்தாலும் நகரவில்லை என்றே தெரியும். கேமராவைச் செங்குத்தாகத் திருப்பிப் பிடி, அப்போது அடிவானமே இரண்டாகப் பிரிந்து காட்டும். வள்ளத்தின் விளிம்பு, படுத்துக் கிடக்கும் கயிறு எல்லாவற்றுக்கும் இதே வழிதான்.

ஏலத்தில் ஒவ்வொரு தடவையும் ஃபோகஸ் பார்க்காதே. எஃப்/8-இல் 2 மீட்டரில் வைத்துவிட்டால் சுமார் 1.4 மீட்டரிலிருந்து 3.2 மீட்டர் வரை கூர்மையாக இருக்கும். அந்தக் கணக்கு ஃபிலிம் காலத்தது, 24 மெகாபிக்சலைப் பெரிசாக்கிப் பார்த்தால் கொஞ்சம் குறைவாகவே படும். வெயில் இருந்தால் எஃப்/11 வை. வானம் அதிகமாகப் படத்தில் விழுந்தால் கேமராவின் வெளிச்ச மீட்டர் ஏமாந்து ஆட்களைக் கறுப்பாக்கும். மணலைப் பார்த்து அளவெடுக்காதே, அதுவும் பளீர் என்றுதான் இருக்கும். உன் உள்ளங்கையை வெயிலில் நீட்டி அளவெடுத்து, ஒரு ஸ்டாப் (இரு மடங்கு வெளிச்சம்) கூட்டி வைத்துக்கொள்.

குளச்சல்காரன்:

சரி மாமா. சைஸ் ஒன்று திருவனந்தபுரத்தில் ஒருவரிடம் இருப்பதாகச் சொல்கிறார்கள். டார்ச்சோடு போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். கேமராவையும் கொண்டுபோய் மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுப்பேன்.