குளிர்காலத்தில் பனி மிகுந்தும் பனியாறு இளைப்பது ஏன்?

மலைநேசன்:
2023-24 குளிர்காலத்தில் சுவிட்சர்லாந்தின் ஆல்ப்ஸ் மலைகளில் வழக்கத்தைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு கூடுதலாகப் பனி பெய்திருந்தது. அப்படியிருந்தும் 2024 செப்டம்பரில் கணக்கு முடித்தபோது, அந்நாட்டுப் பனியாறுகள் அந்த ஓராண்டில் தம் கனஅளவில் ஏறத்தாழ 2.5 விழுக்காட்டை இழந்திருந்தன. வரவு கூடியும் இருப்பு குறைந்தது எப்படி?

வெண்சிகரம்:
பனியாற்றின் கணக்காண்டு அக்டோபரில் தொடங்கிச் செப்டம்பரில் முடிகிறது. குளிர்காலப் பனி வரவு என்றாலும், ஆண்டின் முடிவைப் பெரும்பாலும் சூலையும் ஆகஸ்டும்தான் தீர்மானிக்கின்றன. புதுப்பனி தன்மீது விழும் வெயிலில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். அது கரைந்து, அடியிலுள்ள சாம்பல் நிறப் பனிக்கட்டி வெளிப்பட்டதும் வெயிலின் பெரும்பகுதி உள்ளே இறங்கிவிடுகிறது. 2024இல் சகாராவிலிருந்து வந்த தூசு பனிமேல் படிந்து அதை முன்கூட்டியே மங்கச் செய்தது. அதன்மேல் கடும் வெப்பமும் சேர்ந்ததால், அவ்வாண்டின் ஆகஸ்டு மாத இழப்பு அதுவரை அங்கே பதிவான ஆகஸ்டு இழப்புகளையெல்லாம் மிஞ்சிவிட்டது.

அளவுகோல்:
ஆழத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். எல்லாவற்றையும் நீராக மாற்றித்தான் எண்ண வேண்டும். வசந்தத்தில் குழி தோண்டிப் பனியை எடை போடுகிறார்கள். கோடைக்கு முன் நீராவித் துளைப்பானால் பனிக்கட்டியில் ஆழத் துளையிட்டுக் கம்பை இறக்கிவிட்டு, கோடை முடிவில் அது எவ்வளவு வெளியே நிற்கிறது என்று அளக்கிறார்கள். எடுத்துக்காட்டாக, வழக்கமான பனி 3 மீட்டர் என்றால் 30 விழுக்காடு கூடுதல் என்பது 90 செ.மீ.; அதன் அடர்த்தி நீரில் பாதிக்கும் குறைவு என்பதால் கிடைப்பது 40 செ.மீ. நீர். வெயில் கடுமையான நாட்களில் பனியாற்றின் தாழ்ந்த முனையில் நாளொன்றுக்கு 6 செ.மீ. பனிக்கட்டி உருகுவது அரிதன்று. அந்தக் கணக்கில், மாதக்கணக்கில் சேர்ந்த அதே அளவு நீரை அம்முனை எட்டே நாளில் இழந்துவிடும்.

மலைநேசன்:
நன்றி, எட்டு நாள் கணக்கு மனத்தில் பதிந்துவிட்டது. அப்படியானால் கூடுதல் பனி வீண்தானா?

வெண்சிகரம்:
வீண் என்று சொல்ல மாட்டேன். பனி குறைந்து, தூசும் வெப்பமும் சேர்ந்து வந்த 2022இல் இழப்பு ஏறத்தாழ 6 விழுக்காடு, 2023இல் 4. கூடுதல் பனி போர்வையாக இருந்து பனிக்கட்டி வெளிப்படுவதைத் தள்ளிப்போட்டிராவிட்டால், 2024உம் அவற்றின் வரிசையில் போய்ச் சேர்ந்திருக்கும் என்பது என் கருத்து. நடுக்கோடையில் 10 செ.மீ. புதுப்பனி விழுந்தாலும் உருகல் சில நாட்களுக்கு ஏறக்குறைய நின்றுவிடும். ஆனால் வெப்பம் கூடக்கூட, கோடையில் பனியாக விழ வேண்டியது மழையாகவே விழுகிறது.

அளவுகோல்:
ஒன்றைச் சேர்க்கிறேன். பனியாற்றின் முனை பின்வாங்கும் தூரத்தை வைத்து ஓராண்டின் கணக்கைப் போடாதீர்கள். பனிக்கட்டி மேலிருந்து மெல்ல நகர்ந்து வருவதால், பெரிய பனியாறுகளில் முனை காட்டுவது பல பத்தாண்டுகளுக்கு முந்தைய தட்பவெப்பத்தையும் சேர்த்துத்தான். அந்தந்த ஆண்டின் வானிலையை உடனுக்குடன் சொல்வது கம்புகளும் பனிக்குழிகளுமே.