நமீபியாவில் நாங்களே ஓட்டிப் போன சஃபாரி

டிரைவரும் கைடும் இல்லாமல் நாமே வண்டி ஓட்டிக்கொண்டு ஆப்பிரிக்கக் காட்டுக்குள் போக முடியுமா? முடியும். நானும் மனைவியும் மச்சானும் ஓர் ஆகஸ்ட் மாதம் நமீபியாவில் பத்து நாள் அப்படித்தான் சுற்றினோம். அங்கேயும் நம்மைப் போல இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள், அந்தத் தைரியத்தில்தான் கிளம்பினோம். தலைநகர் வின்ட்ஹுக்கில் கூரைமேல் கூடாரம் வைத்த டொயோட்டா ஹைலக்ஸ் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். இரண்டு ஸ்டெப்னி கொடுத்தார்கள். எதற்கு இரண்டு என்று அன்று புரியவில்லை.

ஐந்தாம் நாள் புரிந்தது. காலையில் ட்வைஃபெல்ஃபொன்டைன் பாறைச் செதுக்கல்களைப் பார்த்துவிட்டு, மாலைக்குள் எடோஷா தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் ஒகாகுயோ முகாமுக்குப் போய்விட வேண்டும் என்பது திட்டம். 300 கிலோமீட்டருக்கு மேல். ஊரில் இந்தத் தூரம் பெரிய விஷயமில்லை. ஆனால் வழியில் கோரிக்ஸாஸ் என்ற ஊர் வரும்வரை சரளை ரோடு. கூரைத் தகரம் மாதிரி அலை அலையாக இருக்கும், வண்டி முழுக்க நடுங்கிக்கொண்டே வரும். அந்த மாதிரி ரோட்டில் டயர் காற்றைக் கொஞ்சம் குறைக்க வேண்டும், 80-ஐத் தாண்டக் கூடாது. வண்டி கொடுத்தவர்கள் இரண்டையுமே சொல்லியிருந்தார்கள். நான் காற்றையும் குறைக்கவில்லை, வேகத்தையும் குறைக்கவில்லை.

பின்பக்க டயர் பக்கவாட்டில் கிழிந்தது. ஜாக்கியை வைத்தால் சரளைக்குள் புதைகிறது. வெயிலில் முக்கால் மணி நேரம் போராடினோம். அந்த வழியாக வந்த முதல் வண்டியே நின்றது. வயதான விவசாயி ஒருவர் இறங்கி, ஒரு வார்த்தை பேசாமல் தன் பிக்கப்பிலிருந்து தடித்த பலகை ஒன்றை எடுத்து ஜாக்கிக்கு அடியில் போட்டார். இருபது நிமிடத்தில் டயர் மாறியது. பலகையை எங்களிடமே விட்டுவிட்டுப் போய்விட்டார். அவர் பெயரைக் கூடக் கேட்காமல் விட்டது இன்னும் மனதில் உறுத்துகிறது.

எடோஷாவின் கேட் சூரியன் மறையும்போது மூடிவிடும். அன்று இருட்டியபோது நாங்கள் ஔட்யோ ஊரைத்தான் தொட்டிருந்தோம். உள்ளே பணம் கட்டிய ஓர் இரவு போனது. எங்கள் இன்சூரன்ஸில் டயர் சேரவில்லை, அந்தக் காசும் போனது. இப்படிப் போக நினைப்பவர்கள் கையெழுத்துப் போடும் முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். டயரும் வண்டியின் அடிப்பாகமும் பெரும்பாலும் தனிக் கணக்கு.

மறுநாள் உள்ளே போனதும் இன்னொரு தவறு செய்தோம். பூங்கா 22,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். எல்லாவற்றையும் பார்க்கும் வெறியில் ஒரு நீர்க்குட்டையிலிருந்து அடுத்ததற்கு ஓடிக்கொண்டே இருந்தோம். புழுதிதான் மிச்சம்.

ஹலாலி முகாமைத் தாண்டி கோவாஸ் குட்டைக்குத் திரும்பும் பாதையில் அந்தக் கொம்பன் நின்றது. எடோஷாவின் களிமண் பூசி உடம்பு முழுக்க வெள்ளை. நான் கூடலூர்க்காரன், யானை எனக்குப் புதிதில்லை. ஆனால் அதன் கன்னத்தில் மதநீர் வழிந்த கோடும், நனைந்திருந்த பின்னங்கால்களும் கண்ணில் பட்டதும் வயிறு கலங்கிவிட்டது. காதுகளை விரித்து நான்கு அடி முன்னால் வந்தது. ரிவர்ஸ் போட்டேன். சாமான் பெட்டிகள் பின் கண்ணாடியை மறைத்திருந்தன. மச்சான் இடுக்கு வழியாகப் பார்த்து "வலது, இன்னும் வலது" என்று சொல்லச் சொல்ல, முந்நூறு மீட்டர் பின்னாலேயே போனேன். மனைவி என் தோளைப் பிடித்த கையை எடுக்கவே இல்லை. கடைசியில் அது புதருக்குள் திரும்பியது. துரத்தவில்லை, வழி கேட்டது, நாங்கள் விட்டோம், அவ்வளவுதான். அன்றிலிருந்து பெட்டிகளைக் கண்ணாடிக்குக் கீழேதான் அடுக்கினோம்.

அன்று மாலை ஹலாலியில் வேறு எங்கும் போகவில்லை. முகாமை ஒட்டியே ஒரு குட்டை இருக்கிறது, பெயர் மொரிங்கா. நம் முருங்கையின் பெயர்தான்! முருங்கை இனத்துக்கே அறிவியல் பெயர் தமிழிலிருந்து போனது. அதன் உறவு மரம் ஒன்று அந்த வறண்ட மண்ணில் பெருத்த அடிமரத்தோடு வளர்கிறது. நமீபியாவில் ஒரு குட்டைக்கு முருங்கை என்று பெயர் இருப்பதைப் பார்த்தபோது ஏற்பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்வது?

அப்புறம் கடைசி இரவு, ஒகாகுயோ. முகாம் வேலியை ஒட்டிய குட்டைக்கு இரவு முழுக்க விளக்கு எரியும். சுற்றிலும் பெஞ்சுகள். குளிருக்குப் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தோம். பதினொரு மணி வாக்கில் ஒரு கறுப்புக் காண்டாமிருகம் குட்டியோடு இருட்டிலிருந்து வந்தது. தண்ணீர் உறிஞ்சும் சத்தம் எங்கள் பெஞ்சுவரை கேட்டது. தாயின் நிழல் தண்ணீரில் தலைகீழாக நின்றது. எதிரே ஒரு யானைக் கூட்டம் வந்ததும் தாய் ஒருமுறை சீறியது, ஆனாலும் நகரவில்லை. யானைகள் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்க் குடித்தன.

விடிந்ததும் மச்சான் வண்டிச் சாவியை நீட்டினார். மனைவி அதை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டு, ஃபிளாஸ்க்கில் டீயோடு அதே பெஞ்சுக்குத் திரும்பிப் போனாள். முகாமைக் காலி செய்யச் சொல்லும்வரை நாங்கள் மூவரும் அங்கேதான் இருந்தோம்.